டாரோ கட்டு வாங்க ஏது காசு?

கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் கணக்கு எழுதுகிறவள் டாரோ சீட்டுகள் சேர்க்கிறாள் என்று தெரிந்தால் ஆட்கள் இரண்டு விஷயம் கேட்பார்கள். முதலில், "எனக்கு ஒரு தடவை பார்த்துச் சொல்லேன்." எனக்குப் பார்க்கத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன் என்பேன். எனக்குப் படங்கள் பிடிக்கும், அச்சு பிடிக்கும், அட்டையின் வழவழப்பு பிடிக்கும், அவ்வளவுதான். அடுத்தது கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும். "இதுக்கெல்லாம் ஏது காசு?" என் சம்பளம் என்ன இருக்கும் என்று ஊரில் எல்லோராலும் குத்துமதிப்பாகச் சொல்லிவிட முடியும் என்பதால் கேள்வி நியாயமானதுதான். அதற்குத்தான் இங்கே விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

டாரோ என்றதும் பலருக்கும் ஜோசியம்தான் நினைவுக்கு வருகிறது. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்தபோது அது வெறும் சீட்டாட்டம். சாதாரணக் கட்டைப் போல நான்கு இனம் (கோல், கோப்பை, வாள், காசு), ஆனால் இனத்துக்கு 14 சீட்டு. அதற்கு மேல் 22 படச் சீட்டுகள். மொத்தம் 78. அந்த 22இல் முட்டாள் சீட்டு ஒன்றைத் தவிர மற்றவை எப்போதும் துருப்பு. பிரான்சில் இன்றும் அதை வைத்துச் சீட்டாடுகிறார்கள். குறி சொல்லும் வேலை 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில்தான் அங்கே பெரிதாகக் கிளம்பியது. நம் கிளி ஜோசிய அட்டைகளுக்கும் இதற்கும் சொந்தபந்தம் கிடையாது. ஆனாலும் என் பெட்டியில் அதுவும் ஒரு கட்டு இருக்கிறது. கிளி வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்று தெரிந்து தொழிலையே விட்டுவிட்ட ஒரு பெரியவர் வத்தலகுண்டில் கொடுத்தது. முருகன் அட்டையின் ஒரு மூலை கிளி கொத்திக் கொத்தி நைந்துபோயிருக்கும். நான் சேர்த்ததிலேயே செலவில்லாமல் வந்தது அதுதான், ஒரு டீயும் இரண்டு வடையும் நீங்கலாக.

சரி, விலைக்கு வருவோம். இந்தியாவில் அச்சடித்த சாதாரணக் கட்டு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் கட்டு ஆயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரம் வரை போகும். அதற்கும் மேலே ஒரு ரகம் உண்டு. ஓவியர் ஒருவர் தானே 78 படமும் வரைந்து, ஆர்வலர்களிடம் முன்பணம் வாங்கி, ஆயிரமோ இரண்டாயிரமோ பிரதி மட்டும் அடித்து விற்பது. நாற்பது டாலர், ஐம்பது டாலர், ஓரத்தில் தங்க முலாம் பூசியிருந்தால் இன்னும் கூட. இந்த மூன்றாவது ரகத்தில்தான் மனசு போய் நிற்கும். அடித்தது தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி வராது என்கிற பயம் ஒன்றே போதும், விலையைப் பார்க்காமல் பட்டனை அமுக்க.

ஆனால் என் கணக்கு நோட்டில் கட்டின் விலை ஒரு பத்தி, வந்து சேர்ந்த செலவு இன்னொரு பத்தி. ஒரு வருடத்துக் கூட்டலைப் பார்த்தபோது இரண்டாவது பத்தி முதல் பத்தியை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. நாற்பத்தைந்து டாலர் கட்டுக்கு இருபத்திரண்டு டாலர் தபால் கூலி. வங்கி அட்டையில் டாலர் கொடுத்தால் மாற்றுக் கட்டணம் என்று மூன்று, மூன்றரை சதவீதம். அப்புறம் சுங்க வரி. வரியைக் கட்டின் விலைக்கு மட்டும் போடுவதில்லை, கூலியையும் சேர்த்த மொத்தத்தின் மேல்தான் போடுவார்கள். அந்தக் கூலிக்கும் வரி கட்டுகிறோம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. முன்பெல்லாம் வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வரும் ஐயாயிரம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வரி இல்லை. ஆளாளுக்கு வாங்கிய பொருளை எல்லாம் அன்பளிப்பு என்று எழுதி வரவழைக்க ஆரம்பித்தார்கள். 2019 டிசம்பரோடு அந்தச் சலுகை போனது.

ஆக, மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் வழிச் செலவில்தான் பிடிக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டவர்கள் செய்வது கூட்டு வாங்கல். நான்கு பேர் சேர்ந்து ஒரே பெட்டியில் நான்கு கட்டு வரவழைத்தால் முதல் கட்டுக்குத்தான் கூலி, மற்ற மூன்றும் சில டாலர் வித்தியாசத்தில் தொற்றிக்கொண்டு வந்துவிடும். இன்னொன்று எடை. ஒரு கட்டு அதன் சின்னப் பெட்டியோடு முந்நூறு, முந்நூற்றைம்பது கிராம்தான். ஆனால் இப்போதைய ஓவியர்கள் நூற்றைம்பது பக்க விளக்கப் புத்தகத்தையும் சேர்த்து, காந்த மூடி போட்ட கனத்த பெட்டியில் வைத்து விற்கிறார்கள். அப்படியே வந்தால் முக்கால் கிலோ. "புத்தகம் வேண்டாம், பெட்டியை மடித்து வையுங்கள்" என்று ஒரு வரி எழுதிக் கேட்டால் பலரும் சம்மதிக்கிறார்கள்.

அதையும் விட மலிவான வழி, நம் வீடுகளில் எல்லோருக்கும் பழக்கமானதுதான். யாராவது ஊருக்கு வருகிறார்களா என்று பார்ப்பது. பயணி தன் சொந்த மூட்டையில் இவ்வளவு ரூபாய் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்று இருக்கிறது அல்லவா? அதற்குள் இரண்டு சீட்டுக்கட்டு ஒரு பொருட்டே இல்லை. என் அத்தை மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். வருடத்துக்கு ஒரு முறை பொங்கலுக்கு வருவான். அவன் முகவரிக்குக் கட்டு போய்ச் சேரும், அவன் பெட்டியில் கோடாலித் தைலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மலையேறும். அத்தைக்குத்தான் ஆகாது. "பிசாசுப் படத்தையெல்லாம் எம் புள்ள பொட்டியில வச்சு அனுப்பச் சொல்லாத" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வாள். அவள் சொல்வது 15ஆம் எண் சீட்டு. அதை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பச் சொன்னால் கட்டுக்கு மதிப்பே போய்விடும் அத்தை என்றால் கேட்க மாட்டாள்.

கொடைக்கானலில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. பக்கத்தில் இருக்கும் வட்டக்கானலுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள். முதுகுப்பையில் டாரோ கட்டு வைத்திருக்கிறவர்கள் அவர்களில் தாராளம். மலையை விட்டு இறங்கும் நேரத்தில்தான் பை கனக்க ஆரம்பிக்கும். கம்பளி, புல்லாங்குழல், கல் மாலை என்று வாங்கிக் குவித்ததை எல்லாம் ஊருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும், ஆனால் அது எப்படி என்று தெரியாது. எனக்குத் தெரியும். விடுதியில் அது என் வேலையில் ஒரு பகுதி. பொருளை அட்டைப் பெட்டியில் அடுக்கி, வெள்ளைக் காடாத் துணியால் சுற்றி, கோணி ஊசியால் ஓரம் தைத்து, தையல் மேல் அரக்கு வைத்து, சுங்கப் படிவத்தில் ஒவ்வொரு பொருளையும் எடையும் விலையும் போட்டு எழுதுவது. விடுதியில் தங்குகிறவர்களுக்குச் செய்வது சம்பளத்தில் சேர்த்தி. வெளியிலிருந்து வருகிறவர்களிடம் காசு வாங்குவதில்லை. "உங்களிடம் கட்டு இருந்தால், அது உங்களுக்கு இனி வேண்டாம் என்றால், கொடுங்கள்" என்பேன்.

அப்படித்தான் ஒரு பெண்மணியிடமிருந்து தோத் என்கிற டாரோ கட்டு வந்தது. அலிஸ்டர் க்ரோலி திட்டமிட, ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை வரைந்த படங்கள் அவை. இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு 1969இல்தான் முழுக் கட்டாக அச்சில் வந்தது. என்னிடம் வந்தது அத்தனை பழையதில்லை, ஆனால் நன்றாகப் புழங்கியது. ஓரமெல்லாம் விரல் அழுக்கு, வாள் ஐந்தில் ஒரு காப்பிக் கறை. எனக்கு அந்தக் கறை பிடிக்கும். விற்பனைக்குப் போட்டால் அந்தக் கறைக்காகவே விலை பாதியாகும். ஆகவே விற்பதாக இல்லை.

2024 மே 7 முதல் மலைக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று ஆன பிறகு சீசன் கூட்டத்தின் போக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் எப்படியும் வருகிறார்கள், பையும் எப்படியும் கனக்கிறது.

இனி சீட்டு விஷயம். நான் சொல்வது மாதச் சீட்டு. டாரோ சேர்க்கிற நாங்கள் ஐந்து பேர், கொடையில் இருவர், மதுரை, திண்டுக்கல், கோவையில் ஒருவர் ஒருவராக, மாதம் ஆளுக்கு அறுநூறு ரூபாய் போடுகிறோம். மூவாயிரம் ரூபாய் ஒருவர் கைக்குப் போகும். ஏலச் சீட்டு இல்லை, தள்ளுபடி இல்லை, குலுக்கல்தான். அந்தக் குலுக்கலுக்குத் துண்டுத் தாள் கிழிப்பதில்லை. வீடியோ அழைப்பில் ஒருவர் 22 படச் சீட்டுகளை மட்டும் கலைத்து வைப்பார். மற்றவர்கள் "மேலிருந்து ஏழாவது", "அடியிலிருந்து மூன்றாவது" என்று சொல்லச் சொல்ல எடுத்துக் காட்டுவார். பெரிய எண் வந்தவருக்குப் பணம். ஏற்கனவே எடுத்தவர் ஆட்டத்தில் சேர மாட்டார். முட்டாள் சீட்டு வந்தால் என்ன செய்வது என்று முதல் சுற்றிலேயே சண்டை வந்தது. அதற்கு எண்ணே இல்லை அல்லது பூஜ்யம். பழைய ஆட்டத்தில் முட்டாளைப் போடுகிறவர் அந்தக் கை ஜெயிக்கவும் மாட்டார், பெரும்பாலும் தன் சீட்டை இழக்கவும் மாட்டார். அதன்படியே எங்களுக்கும் ஒரு விதி செய்துகொண்டோம்: முட்டாள் வந்தவருக்கு அந்த மாதம் பணமும் இல்லை, அவர் அறுநூறு கட்டவும் வேண்டாம், அடுத்த மாதம் சேர்த்துக் கட்டலாம். கோவைக்காரர் வங்கியில் வேலை செய்கிறவர். இது நிதி நிர்வாகத்துக்கே கேவலம் என்று இன்னும் முனகுகிறார்.

இந்தச் சீட்டால் பணம் பெருகுவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். நடக்கிற நல்லது வேறு. அறுநூறு ரூபாய் கையில் இருந்தால் தேவையில்லாத மலிவுக் கட்டு ஒன்று வந்து வீட்டில் உட்காரும். மூவாயிரம் வரும்வரை காத்திருந்தால் அதற்குள் பாதி ஆசை தானாக அடங்கிவிடும். தவணையில் சீட்டுக்கட்டு வாங்குகிறவர்களையும் பார்க்கிறேன். இதற்கெல்லாம் கடன் வாங்குவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அரிசிக்குக் கடன் வாங்கலாம், படிப்புக்கு வாங்கலாம்.

சீசனில் ஏரிக்கரைப் பக்கம் டாரோ பார்த்துச் சொல்லி, அந்த வருமானத்தில் புதுக் கட்டுகள் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் வருடத்துக்குத் தேவையானதைப் பார்த்துவிடுவார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் வழி அது இல்லை, அவ்வளவுதான்.

உண்மையில் இந்தப் பொழுதுபோக்கைத் தாங்கிப் பிடிப்பது விற்பனை. சேகரிப்பவர் என்றால் வாங்கி வாங்கி அடுக்குகிறவர் என்று வெளியே நினைக்கிறார்கள். பக்கத்தில் வந்து பார்த்தால் அவர் ஒரு சின்ன வியாபாரி. என் எல்லை ஒரு தகரப் பெட்டி. அது நிறைந்தால் ஒன்று வெளியே போனால்தான் ஒன்று உள்ளே வரும். பதிப்பு தீர்ந்துபோன கட்டுகள் வாங்கிய விலையை விட அதிகத்துக்கே போகும். அப்படி ஒன்று போனால் சாதாரணக் கட்டுகள் இரண்டு வரும். சாதாரணக் கட்டு பாதி விலைக்குத்தான் போகும், அதையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். இப்படிக் கை மாறிக்கொண்டே இருப்பதால், பெட்டியில் இருப்பதன் மதிப்பு என் கையிலிருந்து மொத்தமாகப் போன பணத்தை விட எவ்வளவோ அதிகம்.

விற்பதற்கு முன் எண்ண வேண்டும். படுக்கை விரிப்பை உதறி, கையைக் கழுவித் துடைத்து, கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு வரிசை பதினான்கு பதினான்காக அடுக்கி, மேலே 22ஐ இரண்டு வரிசையாகப் பரப்பி, முன்பக்கம் ஒரு புகைப்படம், திருப்பிப் போட்டு பின்பக்கம் ஒரு புகைப்படம். நான்கு மூலையும் விளக்கொளியில் சாய்த்துப் பார்ப்பது. மடிப்பு, வெள்ளைப் புள்ளி, நகக்கீறல் இருந்தால் மறைக்காமல் எழுதுவது. ஒரு சீட்டு குறைந்தாலும் கட்டு விலை போகாது. மிலான் கோமகன் குடும்பத்துக்காக 15ஆம் நூற்றாண்டில் தங்கத் தகடு ஒட்டி வரைந்த விஸ்கோந்தி ஸ்ஃபோர்ட்ஸா கட்டு ஒன்றில் நான்கு சீட்டுகள் காணோம்: பிசாசு, கோபுரம், வாள் மூன்று, காசு இனத்துக் குதிரை வீரன். மிச்சம் 74இல் 35 நியூயார்க் மார்கன் நூலகத்தில், 26 பெர்காமோவின் கரரா அகாதெமியில், 13 கொல்லியோனி குடும்பத்தில். அதற்கு மட்டும் யாரும் விலை குறைக்க மாட்டார்கள்.

விற்ற கட்டை இன்சூரன்ஸ் போட்டு அனுப்பப் போவதால் தபால் நிலையத்தில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். "என்னக்கா, மறுபடி சீட்டுக்கட்டா? காசு வச்சு ஆடுறதா?" என்று புதிதாக வந்த தம்பி ஒருவன் கேட்டான். "இது ஆடுறதுக்கு இல்லப்பா, பார்க்குறதுக்கு" என்றேன். "பார்க்குறதுக்கா இன்சூரன்ஸ்?" என்று சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினான்.

விற்கும் விலையைத் தீர்மானிப்பது கொடையில் பனிமூட்டம்தான். சமவெளிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஜன்னல் வழியே மேகம் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போகும். காகிதம் ஈரத்தைக் குடிக்கும். பூச்சில்லாத அட்டையென்றால் கட்டின் மேல் சீட்டு வில்லாக வளையும். வளைந்தது நிமிரும், ஆனால் பூஞ்சைப் புள்ளி விழுந்தால் விழுந்ததுதான். இதற்குச் செலவு அதிகமில்லை, கவனம்தான் வேண்டும். புதுச் செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களை விடுதியில் எல்லோரும் எனக்காக எடுத்து வைப்பார்கள். மாதம் ஒரு முறை அவற்றைச் சமையலுக்கு ஆகாத பழைய வாணலியில் இளஞ்சூட்டில் வைத்து ஈரம் போக்கி மறுபடி பெட்டியில் போடுவது. கட்டைச் சுற்றி ரப்பர் பேண்டு போடவே கூடாது, ஓரத்தைக் கடித்துவிடும். பருத்தித் துணிப் பட்டை போதும். பட்டுப்புடவைக்கு வைப்பது போல வசம்புத் துண்டு ஒன்று. தை, மாசி வெயிலில் பெட்டியைத் திறந்து வைக்கலாம், ஆனால் வெயில் படத்தின் மேல் நேராக விழக்கூடாது, சிவப்பு முதலில் வெளுக்கும்.

வாங்க முடியாததை வாங்க முடியாது என்று ஒத்துக்கொள்வதும் ஒரு சிக்கனம். மைசூர் கஞ்சிஃபா எனக்கு அப்படி. கையால் வரையும் வட்டச் சீட்டுகள், புவிசார் குறியீடு பெற்றவை. தசாவதாரக் கட்டு என்றால் அவதாரத்துக்குப் பன்னிரண்டாக 120 சீட்டு. ஒவ்வொன்றும் ஒரு தனி ஓவியம் என்னும்போது முழுக் கட்டின் விலை என் சம்பளக் கணக்கில் எந்தப் பக்கம் வைத்தாலும் பொருந்தாது. ஆனால் ஒற்றைச் சீட்டாகவும் கொடுக்கிறார்கள். ஒரு மச்சம், ஒரு கூர்மம் வாங்கி வைத்திருக்கிறேன். காசே இல்லாத மாதத்தில் யேல் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பை இணையத்தில் பார்க்கலாம்; விஸ்கோந்தி குடும்பத்தின் இன்னொரு கட்டு, 67 சீட்டு, அங்கே தங்கம் மின்ன இருக்கிறது. பெரிதாக்கினால் தூரிகைக் கோடுவரை தெரியும்.

மலிவுக் கட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இரண்டு விதமான மலிவு இருக்கிறது. உயிரோடு இருக்கும் ஓவியரின் கட்டை யாரோ ஸ்கேன் செய்து, அளவைச் சுருக்கி, மெல்லிய அட்டையில் அடித்து, விளக்கப் புத்தகத்துக்குப் பதில் ஒரு கியூஆர் குறியைப் போட்டு ஐந்நூறுக்கு விற்பது ஒன்று. அது திருட்டு. அதை வாங்கி மிச்சம் பிடிப்பதை நான் சிக்கனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். வழிச் செலவில் எவ்வளவு வேண்டுமானாலும் கஞ்சத்தனம் செய்யலாம், வரைந்தவர் கூலியில் செய்யக்கூடாது. 1909 டிசம்பரில் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டுதான் இன்று உலகம் முழுக்கப் பரவியிருப்பது. ஏ.ஈ. வெயிட் யோசனை சொல்ல, படம் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். பெரிய வேலை ஒன்றை மிகச் சொற்பக் காசுக்கு முடித்திருக்கிறேன் என்று அந்த நவம்பரில் நண்பர் ஸ்டீக்லிட்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1951இல் கடனோடு இறந்தார்.

இந்தியச் சட்டப்படி ஓவியரின் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள்தான் பதிப்புரிமை. அது 2011 முடிவோடு முடிந்துவிட்டது. ஆகவே அவருடைய 1909 படங்களை இங்கே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அப்படி அடித்த சில நூறு ரூபாய்க் கட்டுகள்தான் இரண்டாவது வித மலிவு, அதில் குற்றம் ஏதும் இல்லை. பிற்காலப் பதிப்பகங்கள் புதிதாக நிறம் மாற்றியவற்றை எடுக்காமல் பழைய அச்சிலிருந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் ஐந்து பேரும் மதுரையில் ஒரு டிஜிட்டல் அச்சகத்தில் அடித்துப் பார்த்தோம். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத் தாளில் ஏழு சென்டிமீட்டர் அகலம், பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரச் சீட்டு பன்னிரண்டு அடங்கும். 78 சீட்டுக்கு ஏழு தாள். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, இரு பக்கமும் அச்சு, மேலே பளபளப்பில்லாத லேமினேஷன். பளபளப்பு கொடைப் பனியில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். வெட்டுவதை அச்சகத்தில் விட்டுவிட்டு, மூலை வளைப்பதை மட்டும் நாங்களே ஒரு கைக்கருவியால் செய்தோம். ஒரு கட்டுக்கு 312 மூலை, கட்டை விரல் வீங்கிவிடும். விலை கடைக் கட்டை விடக் கொஞ்சம் கூடத்தான் வந்தது, ஆனால் அட்டை எங்கள் விருப்பப்படி.

ஏழு தாளில் 84 இடம், சீட்டு 78. மிஞ்சிய ஆறு இடத்தைக் காலியாக விட அச்சகத்துத் தம்பிக்கு மனசு வரவில்லை, "ஏதாச்சும் போடுங்கக்கா, தாள் வீணாகுது" என்றான். அதில் இப்போது ஐந்து பேரும் தொலைத்த சீட்டுகளை அடித்துக்கொள்கிறோம். பழைய கட்டோடு தடிமன் சரியாகச் சேராது, விற்க உதவாது, ஆனால் வீட்டுக் கட்டு முழுசாகிவிடும். கடைசியாக அடித்ததில் ஒன்று திண்டுக்கல் தோழியின் மகன் மென்று துப்பிய கோப்பை மூன்று. அவன் இன்னும் பல் முளைக்கிற வயதில்தான் இருக்கிறான் என்பதால் அதையே இரண்டு பிரதி போடச் சொன்னாள்.